நன்றாக ஓட்டுபவராலும் நிறுத்த முடியாத இடங்கள் இருக்கின்றன

சாலை வடிவமைப்பை மாற்றித்தான் வெளிநாட்டு நகரங்கள் இறப்புகளைக் குறைத்தனவா, நம் ஊரில் ஓட்டுநர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தாலே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சாலையில் தினமும் தாறுமாறாக ஓட்டுபவர்களைப் பார்த்து மனம் நொந்துதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் கோவை மாவட்டத்தில் 24 ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உங்கள் கருத்துதான் எனக்கும் இருந்தது. விபத்து என்ற செய்தி வந்தாலே, "எவனோ அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்" என்றுதான் சொல்வேன். 2014-இல் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அந்த ஆண்டு ஒரு காலை ஏழு மணிக்குக் காவல் நிலைய வாசலிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நான் கற்றுக்கொடுத்தவர்களில் மிகவும் நிதானமானவர். தெருவில் நாய் படுத்திருந்தால்கூட இறங்கிப் போய் விரட்டிவிட்டு வந்து வண்டியை எடுப்பார். "மாஸ்டர், நான் அறுபதில்தான் வந்தேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். புறவழிச்சாலையில் பால் தூக்குடன் சாலையைக் கடந்த ஒரு மூதாட்டியின் மீது அவருடைய கார் மோதிவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அந்த அம்மாள் இறந்துவிட்டார். முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எழுதி, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின் கீழ் வழக்குப் பதிவு செய்தார்கள். இத்தகைய அறிக்கைகளில் அந்தச் சொற்றொடர் மாறுவதேயில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். சாலையின் ஒருபுறம் ஊர், மறுபுறம் பேருந்து நிறுத்தமும் பால் சொசைட்டியும் இருந்தன. சென்டர் மீடியனில் நடந்து கடப்பதற்காக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். ஆனால் மீடியனில் நட்டிருந்த அரளி, அந்த இடைவெளியின் விளிம்பு வரைக்கும் தோள் உயரத்துக்கு வளர்ந்து, எதிர்ப்புற வாகனங்களின் வெளிச்சத்தோடு கடக்க நிற்கும் மனிதரையும் சேர்த்தே மறைத்தது. தேநீர்க் கடைப் பையனை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு, கார் இருக்கையின் உயரத்துக்குக் குனிந்தபடி சாலை ஓரமாகவே பின்னோக்கி நடந்தேன். 20 மீட்டர் தாண்டியதும் பையன் கண்ணில் படவில்லை. பூத்திருந்த அரளி மட்டும்தான் தெரிந்தது.

60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆளைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகும். அதன்பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரோடு வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37 மீட்டர். இருந்ததோ 20. நான் ஓட்டியிருந்தாலும் நீங்கள் ஓட்டியிருந்தாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். அதே இடத்தில் 30-இல் வந்திருந்தால் ஏறத்தாழ 13 மீட்டரில் வண்டி நின்றிருக்கும். இதை நன்றாக எண்ணிப் பாருங்கள்: 30-இல் வந்த வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தை, 60-இல் வரும் வண்டி பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே கடந்துவிடுகிறது.

"சற்றுத் தள்ளிச் சுரங்கப்பாதை இருக்கிறதே, அந்த அம்மாள் அதில் போயிருக்கலாமே" என்று சிலர் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுரங்கப்பாதை முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பால் தூக்கோடு எழுபது வயதில் ஒருவர் போக வர ஒன்றரைக் கிலோமீட்டர் நடப்பார் என்று எண்ணித் திட்டம் போட்டவர், ஊரை இரண்டாகப் பிளந்தபோது அங்கே குடியிருப்பவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே நான் சொல்வேன். பயிற்சிப் பள்ளி வைத்துப் பிழைக்கிறவனே பயிற்சி போதாது என்கிறானே என்றும் கேட்கலாம். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும், எதிர்த்திசையில் வருபவருக்கும் நான் பரிந்து பேசவும் இல்லை. நன்கு கற்றவரும் ஒரு நொடி தவறக்கூடும், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலை இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட வெளிநாடுகளிலும் அவற்றின் நகரங்களிலும் செய்ததும் அதுவே. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997 அக்டோபரில், சாலையில் ஒருவரும் சாகக் கூடாது என்பதையே கொள்கையாக ஏற்று, சாலையை அமைப்பவரும் பராமரிப்பவரும் விபத்துக்குப் பொறுப்பாளிகள் என்று அறிவித்தது. அகலம் குறைந்த நெடுஞ்சாலைகளில் நடுவே கம்பிவடத் தடுப்பை இழுத்துக் கட்டி, முந்திச் செல்லும் தடத்தை இருபக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நேருக்கு நேர் மோதல்கள் பெருமளவு குறைந்தன. 1997-இல் 541 பேர் இறந்த அந்நாட்டில் 2019-இல் இறந்தவர்கள் 221 பேர். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1980-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பேர் சாலையில் இறந்து கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை தொடங்கி ஓராண்டு முழுவதும் அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. அந்நகரத் தெருக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வேக வரம்பு 30 கிலோமீட்டர். தெருவைக் குறுக்கி, ஓரங்களில் மரம் நட்டு, கடக்கும் இடங்களைப் பளிச்சென்று தெரிய வைத்ததால், பலகையைப் பார்க்காதவரும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டியிருக்கிறது.

நம் மாநிலத்தையே பாருங்கள். அரசுக் கணக்கின்படி 2016-இல் 17,218 பேர் இறந்தார்கள். 2019-இல் அது 10,525 ஆனது. அந்த மூன்றாண்டுகளில் உரிமத் தேர்வு மாறவில்லை. பைக்குக்கு எட்டும் காருக்கு ஹெச்சும் அப்படியேதான் இருந்தன. விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களைக் கண்டறிந்து திருத்தியது, நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை அகற்றியது, ஆம்புலன்ஸ் விரைந்து வந்தது ஆகியவை அந்தக் காலத்தில் நடந்த மாற்றங்கள். 2022-இல் எண்ணிக்கை மறுபடியும் 17,000-ஐத் தாண்டியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பயிற்சியிலும் எதைக் கற்பிக்கிறோம் என்பது முக்கியம். நார்வேயில் ஒரு காலத்தில் வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அதைக் கற்ற இளைஞர்களிடையே விபத்து கூடியது. கை பழகிவிட்டது என்ற நம்பிக்கை அவர்களை வேகமாகப் போக வைத்தது. நம் எட்டும் ஹெச்சும் கைப்பழக்கத்தை மட்டுமே சோதிக்கின்றன. பிரிட்டனில் 2002 முதல், ஓடும் சாலைக் காட்சியைத் திரையில் காட்டி, ஆபத்து உருவாவதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார் என்று சோதிக்கிறார்கள். அது நமக்கும் வர வேண்டும்.

அந்த விபத்துக்குப் பின் நான் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். முதல் நாள் மைதானத்தில் 13 மீட்டரிலும் 37 மீட்டரிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாணவரை நடந்து பார்க்கச் சொல்கிறேன். மூன்றாம் நாள் ஸ்டீயரிங்கைக் கொடுக்காமல், மாலை ஆறரை மணிக்கு அந்தப் புறவழிச்சாலை இடைவெளிக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து, என்னோடு சாலையைக் கடக்க வைக்கிறேன். குடம் தளும்ப மீடியனில் நின்று, முகப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக விலகிப் போகும் வரை காத்திருந்த மாணவர், பிறகு வண்டியில் அமரும்போது மனிதர்கள் நிற்கக்கூடிய இடங்களைத் தாமாகவே தேடத் தொடங்குகிறார். "எங்கள் பிள்ளை கார் ஓட்டத்தானே வந்தான்" என்று சண்டைக்கு வந்த பெற்றோரும் உண்டு. அவர்களையும் ஒருமுறை கடந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அளந்த கணக்கை எழுதி, படங்களை இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஐந்து முறை மனு கொடுத்தேன். மூன்றாண்டுகள் கழித்து, இடைவெளிக்கு இருபுறமும் 40 மீட்டருக்கு அரளியை வெட்டி, சாலையில் வெள்ளைப் பட்டைத் தடுப்புகளும் போட்டார்கள். பேருந்து நிறுத்தத்தை ஊர்ப்பக்கம் மாற்றவில்லை; நிற்பதற்கு மேடையும் கட்டவில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையைத் தரமின்றி வடிவமைப்பவருக்கும் பராமரிப்பவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் நான் பார்த்த ஒவ்வொரு விபத்திலும் ஓட்டியவர் மீது மட்டுமே வழக்கு வந்திருக்கிறது.

அந்த மாணவர் நான்காண்டுகள் நீதிமன்றத்துக்கு நடந்து விடுதலையானார். அதன்பின் அவர் வண்டியைத் தொடவில்லை. வீட்டில் ஒருவராவது ஓட்ட வேண்டுமென்று சென்ற ஆண்டு அவருடைய மனைவி என்னிடம் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் மாலை குடத்தோடு அந்த இடைவெளியில் நின்றபோது, அரளி மறுபடியும் இடுப்பளவு வளர்ந்திருப்பதை அவர்தான் முதலில் சுட்டிக்காட்டினார். ஆறாவது மனுவை அன்றிரவே எழுதினோம். அதில் அவரும் கையெழுத்திட்டார்.