கொலாப் ஷூட்: படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஒரு போட்டோகிராபருடன் கொலாப் ஷூட் செய்தேன். அவர் படம் எடுக்க, நான் மாடலாக நின்றேன்; இருவரும் காசு வாங்கவில்லை. இரண்டு மாதமாகியும் வாட்ஸ்அப்பில் நான்கு படம்தான் வந்தது. இப்போது, அன்று நான் போட்டிருந்த சுடிதாரைக் கொடுத்த கடை என் படத்தை விளம்பரமாக்கியிருக்கிறது. கேட்டால் "எடுத்தவன் நான், படம் என்னுடையது" என்கிறார். சரியா?
– வாசகி, கோவை

பதில்: பாதி சரி. யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாத படத்துக்கு எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் படத்தின் உரிமை வேறு, உங்கள் முகத்தைக் காட்டித் துணி விற்பது வேறு. அதற்கு 'மாடல் ரிலீஸ்' எனும் எழுத்துச் சம்மதத்தை உங்களிடம் வாங்கியிருக்க வேண்டும். கடை அவருக்குப் பணம் கொடுத்ததா என்றும் விசாரியுங்கள். கொடுத்திருந்தால் அது கொலாப்பே இல்லை. உங்களைத் தவிர மற்றவருக்குச் சம்பளம் கிடைத்த வேலை.

கமென்ட்டில் சண்டை வேண்டாம். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இருவருக்கும் மெயில் அனுப்புங்கள்: ஏழு நாளில் படத்தை நீக்க வேண்டும், அல்லது விளம்பரத்துக்கான தொகை தர வேண்டும்.

அடுத்த முறை கேமரா பையைத் திறக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். எத்தனை உடை, எத்தனை மணி நேரம், எடிட் செய்த படம் எத்தனை, எந்தத் தேதிக்குள், மேக்கப் செலவு யாருடையது, விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா. இரண்டு உடை, மூன்று மணி நேரம், பத்துப் படம், மூன்று வாரம் என்பது நியாயமான கணக்கு. நீங்கள் படத்தைப் பயன்படுத்தும் அனுமதியில் பலர் கோட்டைவிடுகிறார்கள்: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். துபாய் ஏஜென்சிக்குப் போர்ட்ஃபோலியோ அனுப்பும் எண்ணம் இருந்தால் இரண்டையும் எழுதிவிடுங்கள். ஏ4 அளவில் பிரின்ட் போட நீளப் பக்கம் சுமார் 3,500 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாகக் கேளுங்கள்.

கேள்வி: எடுத்த 400 படத்தையும் ரா ஃபைலாகவே (கேமராவில் பதிவான, எடிட் செய்யாத மூல ஃபைல்) கேட்கிறார் மாடல். கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைலே 25 எம்பி வரும். மொத்தம் 10 ஜிபி. அதிலும் கண் மூடியது, ஃபோகஸ் தவறியது ஏராளம். அதற்கு மேல் அவர் ஒரு ஃபில்டரைப் போட்டு உங்கள் பெயரோடு பதிவிட்டால் போச்சு. மூன்று நாளுக்குள் வாட்டர்மார்க் போட்ட சின்னப் படங்களை அனுப்புங்கள். அவர் பதினைந்தைக் குறிக்கட்டும், நீங்கள் பத்தை எடிட் செய்யுங்கள். அவர் 'இது வேண்டாம்' என்கிற படத்தை நீங்களும் போடாதீர்கள்.