வற்றாப்பளை அம்மனின் வயது

ஐயா,

நான் ஒட்டுசுட்டானில் ஆசிரியையாக இருக்கிறேன். எமது பாடசாலையின் வைகாசிப் பொங்கல் மலருக்கு முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ‘அம்மன் பத்தாவதாகத் தங்கிய இடம் ஆதலால் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று, கயவாகு மன்னன் கட்டிய கோயில், 1,800 ஆண்டு பழமை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதிபர் ஆதாரம் கேட்கிறார். இவற்றை வரலாறு என்று எழுதலாமா, ஐதீகம் என்று தள்ளிவிட வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அதிபர் கேட்டது நியாயமான கேள்விதான். கயவாகுவிலிருந்தே தொடங்குகிறேன். செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டத்துக்கு வந்த அரசர்களுள் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்’ ஒருவன் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவன் தன் நாட்டிலும் பத்தினிக்குக் கோட்டம் அமைத்தான் என்பது அதன் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரை என்ற பகுதியில் உள்ள செய்தி. ஆனால் அதே வரியில் உள்ள இன்னொரு சொல்லை நம்மவர்கள் கவனிப்பதில்லை: அவன் விழா எடுத்தது ஆடித் திங்களில். மதுரை எரிந்ததும் ஆடியில்தான். கண்டிப் பெரகராவில் பத்தினி தேவாலயமும் சேர்ந்து ஊர்வலம் வருவது அந்த ஆடியைத் தழுவிய சிங்கள எசல மாதத்தில். நம்முடைய பொங்கலோ வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமையில் வருகிறது. அரசன் தொடங்கிய விழா இங்கே தொடர்ந்திருந்தால் அது தன் மாதத்தை ஏன் தொலைத்தது? மேலும் அந்த நூல் கோட்டம் இருந்த ஊரைச் சொல்லவில்லை. ஆகவே கயவாகுவையும் அந்த 1,800 ஆண்டையும் எடுத்துவிடுங்கள். அம்மனுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

பெயர் விளக்கத்தை ஐதீகம் என்ற சொல்லோடு எழுதலாம். பளை, தெல்லிப்பளை, புலோப்பளை என்று வடபுலத்தில் இந்த ஈறுடைய ஊர்கள் பல இருப்பதால், அம்மன் தங்கிய இடமெல்லாம் ‘பளை’ என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

நீங்கள் ஒரு வரியில் கூடத் தொடாத இடையர் கதைதான் என் பார்வையில் இக்கோயிலின் உண்மையான ஆவணம். நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி பசியென்று வருகிறாள்; அவர்கள் குழை வெட்டிப் பந்தலிட்டு அவளை இருத்தி, புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள்; பொழுதுபட்டதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் தவிக்க, கடல்நீரை அள்ளி ஊற்றி எரியுங்கள் என்கிறாள்; பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்று அவள் குனிய, மயிரை விலக்கிய பிள்ளைகள் தலை நிறையக் கண்களைக் காண்கிறார்கள். வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று சொல்லி அவள் மறைந்துபோகிறாள். காவியத்தில் மதுரைக்கு வந்த கண்ணகியைத் தன் வீட்டில் வைத்துக் காத்தவள் மாதரி என்னும் இடைச்சி என்பதை நினைத்துக்கொண்டு இக்கதையைப் படியுங்கள். இந்தக் கரையிலும் அவளுக்குச் சோறிட்டவர்கள் பட்டிமாட்டுக்காரர்களே. அரசனோ தேரோ அந்தணரோ இல்லாமல், குழைப் பந்தலும் ஒரு பானையும் கொண்டு தொடங்கிய கோயில் இது என்று கதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. காலபோகம் என்னும் மாரிப் பயிரின் அறுவடை முடிந்து, மாடுகள் வயல்வெளியில் திரிந்து, குளங்களில் நீர் இறங்கத் தொடங்கும் வைகாசி அவர்களுடைய மாதம். வெக்கையும் அம்மையும் சேர்ந்து வரும் காலத்தில் கொதித்து வந்தவளைக் குளிர்விப்பது வன்னிச் சனத்தின் தேவை. மாதம் மாறியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதையைத்தான் ஆண்டுதோறும் சடங்காகச் செய்கிறோம். பாக்குத் தெண்டல் என்னும் பாக்குத் திரட்டும் சடங்கோடு ஆயத்தம் தொடங்குகிறது. பொங்கலுக்கு முந்திய திங்களன்று சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு நடந்து கொண்டுவருகிறார்கள். அங்கே அந்த உப்புநீரில் விளக்கு ஏற்றப்படுகிறது. அடுத்து வரும் ஞாயிறு அந்தப் பிள்ளையாருக்குப் பொங்கல். மறுநாள் மடைப்பண்டங்கள் என்னும் படையல் பொருட்கள் வற்றாப்பளைக்குப் புறப்படுகின்றன. எண்ணெய் கலக்கிறார்களா என்று என்னிடமும் பலர் கேட்டதுண்டு. எனக்கு அந்தக் கேள்வியைவிட, எண்ணெய்க்கு வழியில்லாத ஒரு மாட்டுக்காரக் குடிசையின் இரவை, எண்ணெய் குடங்குடமாக வந்து குவியும் இந்தக் காலத்திலும் கோயில் விடாமல் நினைவில் வைத்திருப்பதே பெரிதாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணச் சார்பானதென்று கண்டித்த பிறகு, பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் போன்ற சில அங்கே தப்பின. வன்னியும் மட்டக்களப்பும் பழைய பெயரை விடவில்லை. நாவலர்மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்த ஒரு விடயத்தில் மட்டும் அவர் குரல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டி வலுவாக எட்டாதது நமது நல்வினை.

போர் முடிந்த 2009 வைகாசியில் நந்திக்கடற் கரைகள் இருந்த நிலையை உங்கள் மாணவரின் பெற்றோரே அறிவர். மீளக் குடியேறிய சனம் பொங்கலைத் திரும்பத் தொடங்கியபோது ஏட்டைத் தேடவில்லை. தீர்த்தக்குடம் போகும் வழியும், எந்த வேலை யாருடையது என்பதும் ஆட்களிடமே இருந்தன. ஆகையால் உங்கள் கட்டுரைக்குத் தேவையான ஆதாரமும் அங்கேதான் இருக்கிறது. இம்முறை தீர்த்தமெடுக்கும் நாளில் நான்கு மாணவர்களைச் சிலாவத்தையிலிருந்து முள்ளியவளை வரை குடத்தின் பின்னால் நடக்கவிட்டு, யார் எங்கே நின்றார்கள், எந்தச் சந்தியில் நிறைகுடம் வைத்தார்கள், என்ன பாடினார்கள் என்பதை எழுதிவரச் சொல்லுங்கள். அதிபரிடம் அதையே கொடுங்கள்.