கறுப்பர்களின் பத்திரிகை யாருக்காகப் பேசுகிறது? கேள்வி பதில்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பழைய செய்தித்தாள் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகளை மைக்ரோஃபிலிமில் படித்தே கண் கெட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைக் கேட்டால் விரிவாகச் சொல்வேன், மற்றதற்கு ஒரு வரிதான் கிடைக்கும்.

சேலம் வாசகி: ஒரு பத்திரிகை கறுப்பின மக்களுக்காக உண்மையிலேயே உழைக்கிறதா என்பதை எப்படி அம்மா கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் தெற்கே மெம்ஃபிஸ் நகரில் 1892இல் நடந்ததைச் சொல்கிறேன். அயிடா வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற பத்திரிகையின் ஆசிரியர், பங்குதாரரும்கூட. அதற்கு முந்தைய ஆண்டுவரை பள்ளி ஆசிரியையாகவும் இருந்தார். கறுப்பர் பள்ளிகளின் அவலத்தைத் தன் பத்திரிகையிலேயே எழுதினார், வேலை போயிற்று. பிறகு ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார். படிக்கத் தெரியாதவர்களும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்காகப் பத்திரிகை வாங்கினார்கள். விற்பவர்கள் வேறு ஏதாவது தாளைக் கொடுத்து அவர்களை ஏமாற்றினார்கள். அதனால் வெல்ஸ் தன் பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்தார். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியுமே. தன் வாசகர் யார் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும்.

அந்த மார்ச் மாதம் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உட்பட மூன்று பேரைச் சிறையிலிருந்து இழுத்துப் போய் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக் கடை எதிரே இருந்த வெள்ளைக்காரக் கடைக்குப் போட்டியாக இருந்ததுதான் பகையின் வேர். உயிருக்கும் உடைமைக்கும் காப்பில்லாத இந்த ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று 'ஃப்ரீ ஸ்பீச்' எழுதியது. ஜனங்கள் கிளம்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். சில வாரங்களில் டிராம் கம்பெனி அதிகாரிகள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் மின்சாரத்துக்குப் பயந்து ஏற மாட்டேன் என்கிறார்களோ, பயமில்லை என்று நீங்கள் எழுதக் கூடாதா என்று கேட்டார்கள். இது எப்போதிலிருந்து என்று வெல்ஸ் கேட்டார். கணக்குப் பார்த்தால் அந்தக் கொலைகளிலிருந்து! அவர்கள் கேட்டபடி எழுதாமல், அவர்கள் வந்து கேட்டதையே செய்தியாகப் போட்டார். மே மாத இறுதியில், அவர் ஊரில் இல்லாத நேரத்தில், அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

பணமும் அதிகாரமும் உள்ளவன் படியேறி வந்து ஒன்றைக் கேட்கும்போது பத்திரிகை யாரை நினைத்துக்கொள்கிறது? நான் பார்ப்பது அதைத்தான். அதோடு, பத்திரிகைக்கு வரும் காசு, விளம்பரக் காசு உட்பட, யாருடையது என்றும் பார்க்கச் சொல்வேன்.

மதுரை வாசகர்: முதலாளி கறுப்பர் என்றால் போதாதா? பிறகு எதற்கு இத்தனை ஆராய்ச்சி?

போதாது. ஆனால் தேவையில்லாததும் அல்ல. 1827இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்'தான் அமெரிக்கக் கறுப்பர்கள் தாங்களே நடத்திய முதல் பத்திரிகை. எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம், நெடுங்காலமாக எங்களுக்காக மற்றவர்களே பேசிவந்தார்கள் என்றுதான் முதல் இதழ் தொடங்கியது. அதே பத்திரிகையின் ஆசிரியர் ரஸ்வர்ம், இரண்டே ஆண்டில், கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்வதே நல்லது என்று சொல்பவர்கள் பக்கம் மாறினார். பிறந்த மண்ணை விட்டுப் போகச் சொல்கிறாயா என்று வாசகர்கள் கொதித்தார்கள். பத்திரிகை நின்றது, அவர் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பலேறினார். முதலாளியும் ஆசிரியரும் வாசகரும் ஒரே இனத்தவர்தான், இருந்தும் இந்தக் கதை.

இந்தக் காலத்துக்கு வந்தால் பிஇடி, அதாவது 'பிளாக் என்டர்டெய்ன்மென்ட் டெலிவிஷன்', கறுப்பர்களின் பொழுதுபோக்குத் தொலைக்காட்சி. ராபர்ட் ஜான்சன் 1980இல் தொடங்கினார். நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, கறுப்பரின் கட்டுப்பாட்டில் இருந்த முதல் நிறுவனம் அது. அவர் கையில் இருந்தபோதே நேரத்தின் பெரும்பகுதியைப் பாட்டு வீடியோக்கள் தின்றன என்ற குறை உண்டு. ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு வயாகாம் என்ற பெரிய ஊடக நிறுவனத்திடம் போன பிறகு, 2002இல் செய்தி அலசல் நிகழ்ச்சிகளையும் இளைஞர் விவாத நிகழ்ச்சியையும் நிறுத்தினார்கள். 2006இல் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங்கின் இறுதிச் சடங்கை மற்ற செய்திச் சேனல்கள் நேரலையாகக் காட்டியபோது பிஇடி வழக்கமான நிகழ்ச்சியை ஓட்டியது. பெயரில் 'கறுப்பர்' என்று இருப்பதால் யாருக்கு என்ன பலன்?

திருச்சி வாசகர்: சிஎன்என், ஃபாக்ஸ், இரண்டில் எது கறுப்பர்களுக்கு நல்லது?

கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் இருக்கிறது. அடுத்தது.

நெல்லை வாசகி: வெள்ளையர் நடத்தும் பெரிய பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டதாகப் படித்தேன். அது உண்மையான மனமாற்றமா, நாடகமா?

மன்னிப்பில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்று பாருங்கள். 'வருந்துகிறோம்' என்று மட்டும் இருந்தால் மடித்து வைத்துவிடலாம். 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' 2020 டிசம்பரில் செய்தது வேறு ரகம். நிருபர்கள் தங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களை எடுத்து, அதே ஊரில் கறுப்பர்கள் நடத்திய பத்திரிகைகளின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 1977இல் அந்த ஊரில் வெள்ளம் வந்து 25 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் கறுப்பர்கள். 'ஸ்டார்' அப்போது கவலைப்பட்டது பணக்காரக் கடைவீதியின் சேதத்தைப் பற்றி. இதையெல்லாம் தேதியோடு எழுதி ஒப்புக்கொண்டார்கள். அலபாமாவின் 'மாண்ட்கோமரி அட்வர்டைசர்' 2018இல், கும்பல் கொலைகளைத் தான் எழுதிய விதத்துக்கு மன்னிப்புக் கேட்டது.

மனம் மாறியதா என்று தெரிய மன்னிப்புக்கு அடுத்த ஆண்டின் இதழ்களைப் புரட்ட வேண்டும்.

ஈரோடு வாசகர்: நான் ஒரு செய்தித் துண்டை இணைத்திருக்கிறேன். இதை வைத்து அந்தப் பத்திரிகை இனவெறிப் பத்திரிகையா என்று சொல்ல முடியுமா?

முடியாது. இதே மாதிரி துண்டுகளை இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். நான்கு பேருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன்: ஒரு துண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஒரு வாரம் முழுக்க எண்ணுங்கள்.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் சாட்சி. அங்கே டபிள்யூஎல்பிடி என்ற தொலைக்காட்சி நிலையம். அது எட்டும் பகுதியில் 45 சதவீதம் பேர் கறுப்பர்கள். 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய ஒளிபரப்பில் பேசிக்கொண்டிருந்தபோது திரை போய், 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அட்டை வந்தது. கோளாறு எங்கே இருந்தது என்று ஊருக்கே தெரியும். ஆனால் எப்படி நிரூபிப்பது? எவரெட் பார்க்கர் என்ற பாதிரியாரின் அலுவலகம் ஏற்பாடு செய்ய, 1964 மார்ச்சில் ஒரு வாரம் தன்னார்வலர்கள் ரகசியமாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து குறித்தார்கள். உள்ளூர் நிகழ்ச்சியில் கறுப்பு முகம் வருகிறதா? கறுப்பர் பெயருக்கு முன்னால் 'திரு', 'திருமதி' போடுகிறார்களா? தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் பெயர்களை வெளியிடவில்லை.

அந்தக் குறிப்புகளோடு நிலையத்தின் ஒளிபரப்பு உரிமத்தைப் புதுப்பிப்பதை எதிர்த்தார்கள். பார்வையாளருக்கு இதில் வழக்காட உரிமையே இல்லை என்றது ஒளிபரப்பு ஆணையம். உண்டு என்று 1966இல் நீதிமன்றம் சொன்னது. 1969இல் உரிமப் புதுப்பிப்பே ரத்தானது. 1972இல் அதே நிலையத்துக்கு வில்லியம் டில்டே என்ற கறுப்பர் பொது மேலாளர் ஆனார்.

ஒரு வாரம். பென்சிலும் தாளும்.

கோவை வாசகர்: அம்மா, நீங்கள் புகழும் 'சிகாகோ டிஃபெண்டர்' பக்கத்துக்குப் பக்கம் தோல் வெளுக்கும் களிம்பு விளம்பரம் போட்டதே? அது சமூகத் தொண்டா?

நான் இன்னும் புகழவே இல்லை, ஆனால் புகழத்தான் போகிறேன். ராபர்ட் அபாட் என்ற கறுப்பர் 1905இல் சிகாகோவில் தொடங்கிய பத்திரிகை அது. புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினச் சிப்பந்திகள் கட்டுக் கட்டாகத் தெற்கே கொண்டு போவார்கள். முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பார்கள். வடக்கே வாருங்கள் என்று அது எழுதி எழுதியே ஏராளமான குடும்பங்கள் பெட்டி கட்டின. கொட்டை எழுத்துத் தலைப்புகளைச் சிவப்பு மையில் அடிப்பார்கள். மைக்ரோஃபிலிமில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். ஆம், அதே சுருளைக் கொஞ்சம் உருட்டினால் களிம்பு விளம்பரம் வரும். உன் நிறம் குறை என்று சொல்லும் விளம்பரம். எனக்கு அது உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

கோவை வாசகர் (மறுபடி): உறுத்துகிறது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கிறீர்கள். விளம்பரக் காசு யாருடையது என்று பார்க்கச் சொல்பவர் நீங்கள்தானே?

தப்பிக்கவில்லை. பெரிய வெள்ளைக்காரக் கடைகள் அந்தக் காலத்தில் கறுப்பர் பத்திரிகைக்கு விளம்பரம் தருவது அரிது. விற்பனைக் காசோடு இத்தகைய விளம்பரக் காசும்தான் பத்திரிகையைத் தாங்கியது.

கரூர் வாசகி (இடையில் புகுந்து): அப்படியானால் களிம்புக்காரன் காசுதான் கும்பல் கொலைகளைப் பற்றி எழுத வைத்தது என்கிறீர்களா? எனக்கு இது சமாளிப்பாகத் தெரிகிறது. கூந்தல் தைலம் விற்ற மேடம் சி. ஜே. வாக்கர் போன்ற கறுப்பினத் தொழிலதிபர்களும் விளம்பரம் கொடுத்தார்களே? களிம்பை மறுத்திருக்கலாமே?

மறுத்திருக்கலாம். இந்தக் கேள்வியை முன்பே யாராவது கேட்டிருந்தால் இவ்வளவு ஆண்டுகள் அந்தச் சமாதானத்தோடு நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். களிம்புக்காரன் ஊர்க் கமிஷனர் அல்ல, நகர வங்கியும் அல்ல. கொலையைப் பற்றி எழுதாதே என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அந்தக் காசு வாசகரின் மனத்தைக் கெடுத்தது, செய்தியின் வாயைக் கட்டவில்லை. இரண்டும் கேடு, ஆனால் ஒரே கேடு அல்ல.

வாயைக் கட்டும் காசு எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்தக் காலத்தின் செல்வாக்கு மிக்க கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனைப் பாருங்கள். 'நியூயார்க் ஏஜ்' போன்ற கறுப்பர் பத்திரிகைகளுக்கு அவர் மறைமுகமாகப் பணம் கொடுத்தார், தன்னைப் பற்றிய விமர்சனம் அடங்கட்டும் என்று. ஐந்து நகரங்களின் பத்திரிகைகளுக்கு 3,000 டாலர் வாய்ப்பூட்டுப் பணம் போனதாகக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1905இல் பகிரங்கமாக எழுதினார், பெரிய ரகளை ஆயிற்று. கொடுத்தவரும் கறுப்பர், வாங்கியவரும் கறுப்பர். களிம்பு விளம்பரமாவது அச்சில் தெரிகிறது, வாசகர் காறித் துப்பலாம். இது தெரியாதே!

கோவை வாசகர் (மூன்றாம் முறை): ஆக, களிம்பு தவறு என்று ஒப்புக்கொண்டீர்கள்.

ஒப்புக்கொண்டேன். காபி குடித்துவிட்டு வருகிறேன்.

விழுப்புரம் வாசகர்: நம் ஊர் தலித் பத்திரிகைகளைப் பற்றி ஏன் பேசவில்லை?

பேச வேண்டியதுதான், ஆனால் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' 1893இல் தொடங்கியது, அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907இல். அவற்றை ஆராய்ந்தவர்களை அழைத்து இதே கேள்வியைக் கேளுங்கள், நானும் வந்து உட்காருகிறேன்.

தஞ்சை வாசகி: ஃபேஸ்புக்கில் கறுப்பர் உரிமைப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. முதலாளியே இல்லாததால் அவற்றை நம்பலாமா?

முதலாளி இல்லை என்று யார் சொன்னது? 2016 தேர்தல் காலத்தில் 'பிளாக்டிவிஸ்ட்' என்ற பக்கம் போலீஸ் கொடுமையைக் கண்டித்து ஆவேசமாக எழுதியது. நடத்தியவர்கள் ரஷ்யாவில் சம்பளத்துக்கு உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள். அந்தக் கும்பல் வேறு எந்தக் குழுவையும்விட அதிகமாகக் குறிவைத்தது ஆப்பிரிக்க அமெரிக்கர்களைத்தான் என்று அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2019இல் அறிக்கை கொடுத்தது. பகிர்ந்தவற்றில் உண்மைச் சம்பவங்களும் இருந்தன, அதனால்தான் எடுபட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது கிழவியின் புலம்பல் இல்லை.

வேலூர் வாசகர்: கறுப்பின மக்களே தங்கள் ஊடகங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

கருத்துக்கணிப்பு நடத்தும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் கறுப்பர்களிடம் கேட்டது பொதுவான செய்திகளைப் பற்றி. கறுப்பர்களைப் பற்றிய செய்தி மற்ற இனத்தவரைப் பற்றியதைவிடப் பெரும்பாலும் எதிர்மறையாகவே வருகிறது என்று 63 சதவீதம் பேர் சொன்னார்கள்.

சென்னை வாசகி: பழங்கதை போதும் அம்மா. இன்று உங்கள் கண்ணுக்குப் படுகிற ஒன்றைச் சொல்லுங்கள்.

மறுபடி மெம்ஃபிஸ்தான். வெண்டி தாமஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 2017இல் அங்கே 'எம்எல்கே50' என்ற சிறு செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். லாப நோக்கமில்லாதது. கட்டணம் கட்ட முடியாத ஏழை நோயாளிகள்மீது ஊரின் மிகப் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்று ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டுவந்தது. வழக்குப் பட்டியலில் அந்த மருத்துவமனையின் ஊழியர்களே இருந்தார்கள். அவர் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து, ஆவணம் ஆவணமாகப் புரட்டி, 2019இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்டார். 6,500க்கும் மேற்பட்டோரின் கடன், ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் டாலர், தள்ளுபடியானது. இந்த வழக்குகள் அதற்கு முன்பும் நீதிமன்றத்தில் எல்லோர் கண்முன்னும்தான் நடந்தன. மெம்ஃபிஸ் நகரில் மற்றப் பத்திரிகைகள் இல்லாமலா இருந்தன?

அவர்களுக்கும் பணம் அறக்கட்டளைகளிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வருகிறது. காசு யாருடையது என்ற கேள்வியை அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெயர் குறிப்பிடாதவர்: எது நல்ல சேனல் என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்.

இதே கேள்வி இன்னும் ஆறு இருக்கிறது, ஆறையும் ஒதுக்கிவிட்டேன். சேனல் பெயரோடு வராதீர்கள். ஒரு வாரம் எண்ணிக் குறித்த தாளோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.