குழந்தைக்கு மூச்சுக்குழாயில் குழாய் வைக்க, மயக்க வாயுவோடு ஃபென்டனிலும் எதற்கு?

நான்கு வயது மகனுக்கு டான்சில் அறுவை செய்யவிருப்பதாகவும், தசைத் தளர்த்தி மருந்து இல்லாமல் மாஸ்க் வழியாகச் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் சிரை வழியாக ஃபென்டனிலும் கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் வைக்கப்போவதாக மருத்துவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாயு மட்டும் போதாதா, ஃபென்டனில் ஆபத்தான போதைமருந்து அல்லவா என்பவை உங்கள் கேள்விகள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செவோஃப்ளூரேன் மூக்கை உறுத்தாது, இரத்தத்தில் குறைவாகவே கரைவதால் விரைவில் மூளையை எட்டிவிடும். ஆகவேதான் ஊசியைக் கண்டு அழும் குழந்தையை முதலில் மாஸ்க் வைத்துத் தூங்கவைத்து, பிறகு கையில் ஊசி ஏற்றுகிறோம். ஆனால் தூங்குவதும் குழாயைத் தாங்குவதும் ஒன்றல்ல. உங்கள் மகனின் வயதில், தோலைக் கத்தியால் கீறும்போது பாதிக் குழந்தைகள் அசையாமலிருக்கவே நுரையீரலில் சுமார் 2.5 சதவீதம் செவோஃப்ளூரேன் தேவைப்படுகிறது. குரல்நாண்களுக்கு இடையே குழாய் நுழையும்போது இருமாமல் இருக்க அதைவிடக் கூடுதலாக வேண்டும், அதுவும் பாதிப் பேருக்கல்ல, ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும் அளவாக இருக்கவேண்டும். வாயுவை மட்டும் நம்பினால் கருவியை அதன் உச்ச அளவான 8 சதவீதத்தில் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருக்க நேரும். அதற்குள் இரத்த அழுத்தம் சரியக்கூடும், அந்த உயர்ந்த அளவில் சில குழந்தைகளின் மூளை மின்னலைப் பதிவில் வலிப்பை ஒத்த அலைகளும் தோன்றுகின்றன.

ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை (அபினைப் போலச் செயல்படும் வலிநீக்கி) மருந்து இங்கேதான் உதவுகிறது. உடல் அசைவை வாயு பெரும்பாலும் தண்டுவடத்தில் அடக்குகிறது. இருமல் உணர்வையும், தொண்டையில் கருவி படும்போது எகிறும் இதயத்துடிப்பையும் ஓபியாய்டு மூளைத்தண்டில் தணிக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்களில் வேலை செய்வதால், ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்தாலே வாயுவின் தேவை கணிசமாகக் குறைந்துவிடும். இதில் மருந்தின் அளவைவிட நேரக்கணக்கே முக்கியம் என்பது என் கருத்து. ஃபென்டனில் முழு வலுவை அடைய மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஆகும். அதே வகையைச் சேர்ந்த அல்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும் ஒன்றரை நிமிடத்துக்குள்ளாகவே உச்சத்தைத் தொடுகின்றன. ஃபென்டனிலைச் செலுத்திய அடுத்த நிமிடமே லாரிங்கோஸ்கோப்பை (குரல்வளையைப் பார்க்க உதவும் கருவி) கையில் எடுப்பவருக்கு அம்மருந்தால் பயனில்லை. குழந்தை இருமும், குரல்நாண்கள் இறுகி மூச்சு அடைபடவும் கூடும்.

தசைத் தளர்த்தியைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. வேகமாகச் செயல்படும் தசைத் தளர்த்தியான சக்ஸமெத்தோனியம், டூஷேன் தசைச்சிதைவு நோய் இன்னும் வெளியே தெரியாத சிறுவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியத்தைத் திடீரென உயர்த்தி இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால், 1990களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்த பின் குழந்தைகளிடம் அதன் வழக்கமான பயன்பாடு சுருங்கியது. மற்றொரு தசைத் தளர்த்தியான ரோகுரோனியம் அந்த ஆபத்து இல்லாதது, ஆனால் வழக்கமான அளவில் கொடுத்தால் அதன் வேலை ஒரு குறுகிய அறுவையைவிட நீண்டுவிடும். இன்று சுகமடெக்ஸ் என்ற முறிமருந்தைக் கொண்டு அதை உடனே முறிக்கலாம் என்பதால், இந்தக் காரணம் முன்பிருந்த அளவு வலுவாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எல்லா வயதுக்கும் இம்முறை ஒரே மாதிரிப் பொருந்தும் என்று நான் கருதவில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், செவோஃப்ளூரேனோடு அல்ஃபென்டனில் சேர்த்ததைவிடச் சிறிதளவு ரோகுரோனியம் சேர்த்தபோதே குழாய் எளிதாகச் சென்றது, மூச்சுச் சிக்கல்களும் குறைந்தன. கைக்குழந்தையின் உடலில் ஆக்ஸிஜன் இருப்பு மிகவும் குறைவு, ஒருமுறை இருமினாலே நீலம் பாரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அந்த வயதில் நான் தசைத் தளர்த்தியையே விரும்புகிறேன். உங்கள் மகனின் வயதில் இம்முறையைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

ஃபென்டனில் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். செய்திகளில் நீங்கள் படிக்கும் மரணங்கள், கண்காணிப்பார் யாருமில்லாத இடத்தில் அளவு தெரியாமல் எடுத்துக்கொண்டு மூச்சு நின்றுபோனதால் நேர்பவை. அறுவை அரங்கிலும் இம்மருந்து மூச்சைக் குறைக்கும்தான், ஆனால் அங்கே மூச்சை மருத்துவரே கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதயத்துடிப்பு குறைந்தால் அதை உயர்த்த அட்ரோபின் என்ற மருந்து உண்டு. மிக வேகமாகச் செலுத்தினால் மார்புத் தசைகள் விறைக்கலாம் என்பதால் மெதுவாகவே செலுத்துகிறோம். ஒரே ஒருமுறை, இவ்வளவு சிறிய அளவில் கொடுப்பதால் அடிமைத்தனம் ஏற்படாது. செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும் குழந்தைகள் பலர் காரணமின்றிக் கத்திப் புரளுவார்கள். ஃபென்டனில் பெற்றவர்களிடம் அது குறைவு.

உங்கள் மகன் தூக்கத்தில் குறட்டை விட்டு இடையிடையே மூச்சை நிறுத்துகிறானா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அத்தகைய குழந்தைகளுக்கு ஓபியாய்டின் அளவைக் குறைக்கவேண்டியிருக்கும், அறுவை முடிந்த இரவு ஆக்ஸிஜன் அளவைத் தொடர்ந்து காட்டும் கருவியோடு மருத்துவமனையிலேயே வைத்திருக்கவேண்டியும் இருக்கும். கடந்த இரண்டு வாரங்களில் சளியோ காய்ச்சலோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சளி பிடித்த குழந்தையின் குரல்வளை சிறு தூண்டலுக்கும் இறுகும் என்பதால், அறுவையைச் சில வாரங்கள் தள்ளிவைக்க அவர் முடிவெடுக்கலாம்.