பேர் மாறும், பெயின்ட் மாறும், உருவம் மாறாது: சொகுசுக் கப்பல் கேள்வி பதில்

பயணிகள் கப்பல்களில் மேல்தள வேலையிலும், பிறகு டிரை டாக்கில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) பெயின்ட் மேற்பார்வையிலும் காலத்தைக் கழித்துவிட்டு இப்போது திருநகரில் குடியிருக்கிறேன். கப்பல்கள் கைமாறுவது பற்றியும் அவற்றின் வெளித்தோற்றம் பற்றியும் மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டிக்கெட் விலை கேட்ட நான்கைந்து பேர் மன்னிக்கவும்.

கார்த்திக், மேலூர்: அண்ணே, சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலைப் பார்த்தோம். பளபளன்னு இருந்தது. புதுசுன்னு நினைச்சா, என் நண்பன் அது முப்பத்தஞ்சு வருஷப் பழசுங்கிறான். உண்மையா?

உண்மைதான் தம்பி. 1990ல் பிரான்சின் சேன் நசேர் கட்டும் தளத்தில் பிறந்த கப்பல் அது. அட்மிரல் என்ற கம்பெனிக்காக வரையப்பட்டது. அந்தக் கம்பெனி ராயல் கரீபியனோடு இணைந்துவிட்டதால் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பேரில் வெளியே வந்தது. 2004ல் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆனது. 2008ல் ஸ்பெயினின் புல்மன்டூர் கம்பெனிக்குப் போய் வெறும் 'எம்ப்ரஸ்'. 2016ல் திரும்ப ராயல் கரீபியனுக்கு வந்து பழைய பேர். கொரோனா நேரத்தில் விற்றார்கள். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டிலியா கப்பலாகப் புறப்பட்டது. சென்னைக்கு வந்தது 2022 ஜூனில்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மியாமியிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் குட்டிப் பயணம் போவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் இது. நம் ஆட்களும் ஒரு வாரம் லீவு போட்டுக் கடலில் இருக்க மாட்டார்கள், சனி ஞாயிறோடு ஒரு நாள் சேர்த்தால் போதும் என்பார்கள். வாங்கியவர்கள் கணக்குத் தெரிந்துதான் வாங்கியிருக்கிறார்கள்.

மீனாட்சி, கே.கே. நகர்: நல்ல கப்பல்னா அவங்க ஏன் விக்கணும்? சரியில்லாத கப்பல்னா நாம ஏன் வாங்கணும்?

நியாயமான கேள்வி அம்மா. பதில் கப்பலின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 1990 வாக்கில் கட்டிய கப்பலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வரிசையாக ஜன்னல்தான் தெரியும், பால்கனி கொஞ்சம். இன்றைக்குக் கட்டும் கப்பலில் பக்கச்சுவர் முழுக்கப் பால்கனி. பால்கனி உள்ள அறைக்குத்தான் நல்ல விலை. பழைய கப்பலில் பால்கனி கூட்டலாம், சிலர் கூட்டியும் இருக்கிறார்கள். ஆனால் இரும்பை வெட்டி, மேல் எடையைக் கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை, செலவு பிய்த்துவிடும்.

அப்புறம் அளவு. எம்ப்ரஸின் நீளம் 211 மீட்டர். 2024ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர். பயணிகள் மூன்று மடங்குக்கு மேல் ஏறினாலும் கேப்டன் சம்பளம் மூன்று மடங்காவதில்லை. தலைக்கு ஆகும் எரிபொருளும் குறையும். 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உலகம் முழுக்க விதி வந்தது. ஒன்று விலை கூடிய எண்ணெய் வாங்க வேண்டும், இல்லையென்றால் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் கருவி பொருத்த வேண்டும். இன்னும் எத்தனை வருடம் ஓடப்போகிறது என்று பார்த்துவிட்டு, பெரிய கம்பெனிகள் தள்ளிவிடுகின்றன.

வாங்குகிறவருக்கு நிலைமை வேறு. ஐயாயிரம் பேரை வாராவாரம் நிரப்பும் சந்தை இங்கே இன்னும் வரவில்லை. சின்னக் கப்பல், குறைந்த முதல், சின்னத் துறைமுகத்துக்குள்ளும் நுழையலாம். ஆகவே 'அவர்கள் கழித்துப் போட்டதை நாம் எடுத்தோம்' என்று வருத்தப்பட வேண்டியதில்லை. எம்ப்ரஸ் பிறந்த அதே 1990ல் வந்த கார்னிவல் ஃபேன்டஸி, எம்ப்ரஸோடு ஒரே குடும்பத்தில் ஓடிய சாவரின், மோனார்க் எல்லாமே 2020ல் துருக்கியின் அலியாகாவில் உடைபடப் போய்விட்டன. இது தப்பித்தது.

பாலமுருகன், திருமங்கலம்: 2019ல் மும்பையில் வேலை பார்த்தபோது 'கர்ணிகா' என்ற கப்பலைப் பார்த்தேன். முன்பக்கம் உருண்டையாக, விநோதமாக இருந்தது. அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே?

அந்த உருண்டையை நினைவு வைத்திருக்கிறீர்களே, சந்தோஷம். அதை வடிவமைத்தவர் சாதாரண ஆள் இல்லை. பாரிஸின் பாம்பிடு மையத்தை வடிவமைத்த இருவரில் ஒருவரான இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ. டால்பினின் தலையை மனதில் வைத்து வரைந்தது என்பார்கள். கூர்மையான முன்பகுதிக்கு மேலே, கேப்டன் அறை இருக்கும் இடத்துக்கு மேல், வழுவழுவென்று நெற்றி போல ஒரு வளைவு. 1990ல் இத்தாலியில் கட்டி 'கிரவுன் பிரின்சஸ்' என்று இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பல் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2002ல் 'ஆ ரோசா ப்ளூ'. 2004ல் ஜெர்மனியின் ஐடா கம்பெனியில் 'ஐடா ப்ளூ'. ஐடா கப்பல்களுக்கு முன்பக்கத்தில் சிவந்த உதடும், பக்கவாட்டில் பெரிய கண்ணும் வரைவது வழக்கம். ரோஸ்டாக் நகரத்து ஓவியர் ஃபெலிக்ஸ் ப்யூட்னர் 1996ல் தொடங்கி வைத்தது. ஆக, பியானோவின் டால்பினுக்கு உதட்டுச் சாயமும் பூசினார்கள். 2007ல் 'ஓஷன் வில்லேஜ் டூ', 2009ல் ஆஸ்திரேலியாவில் 'பசிபிக் ஜுவல்', 2019ல் மும்பையில் ஜலேஷ் கம்பெனியின் 'கர்ணிகா'. கொரோனாவில் ஜலேஷ் நின்றுபோனது. 2020 முடிவதற்குள் கப்பல் குஜராத்தின் அலங் கரையில் ஏறிவிட்டது. அங்கேயே உடைத்தார்கள்.

ஆறு பெயர், ஆறு விதப் பெயின்ட். ஆனால் தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் அந்த நெற்றியை வைத்து இன்ன கப்பல் என்று சொல்லிவிடலாம். கூடப் பிறந்ததும் ஒன்று உண்டு. 1991ல் வந்த 'ரீகல் பிரின்சஸ்', பிறகு 'பசிபிக் டான்'. 2020ல் கிரிப்டோ பணக்காரர்கள் சிலர் வாங்கி, 'சதோஷி' என்று பேர் வைத்து, பனாமா பக்கம் மிதக்கும் குடியிருப்பாக்கப் பார்த்தார்கள். இன்சூரன்ஸ் கிடைக்காமல் திட்டம் கவிழ்ந்தது. 2022 முதல் 'ஆம்பியன்ஸ்' என்ற பேரில் இங்கிலாந்திலிருந்து ஓடுகிறது. டால்பின் நெற்றியைப் பார்க்க ஆசையென்றால் இனி அதுதான் கதி.

ராஜலட்சுமி, செல்லூர்: அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு என்று ஊரே காத்திருக்கிறது. கப்பல்காரர்களுக்கு வெள்ளையை விட்டால் வேறு நிறமே கிடையாதா?

பச்சைப் பட்டு வந்தால் செழிப்பு என்பது போல, கப்பலிலும் நிறத்துக்கு அர்த்தம் உண்டம்மா, ஆனால் கணக்குப்பிள்ளை சொல்லும் அர்த்தம். வெள்ளை வெயிலை உள்ளே விடாது, ஏசி செலவு குறையும். நம் பக்கத்துக் கடலிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பல்கள் வெகுகாலம் கறுப்பு உடலோடு ஓடின. 1931-32ல் ஸ்ட்ராத்நேவர், ஸ்ட்ராத்எர்ட் என்ற இரண்டையும் லண்டனிலிருந்து பம்பாய், கொழும்பு வழியாக ஆஸ்திரேலியா போகும் வழித்தடத்துக்கு முழு வெள்ளையாக விட்டார்கள். 'வெள்ளைச் சகோதரிகள்' என்றே பேராகிவிட்டது.

இன்றைக்கும் இருண்ட நிறக் கப்பல்கள் இருக்கின்றன. ஹாலந்து அமெரிக்காவும் டிஸ்னியும் கருநீலம். கார்னிவலும் மார்டி கிராஸ் கப்பலிலிருந்து முன்பக்கத்தைக் கருநீலமாக்கி, அதையே மற்ற கப்பல்களுக்கும் கொண்டுபோனது. அழகாகத்தான் இருக்கும். வேலை பார்த்தவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். இருண்ட பெயின்டில் உப்புப் படிவும், ஒட்டுப்போட்ட இடமும் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் துரு ஒழுகிய கோடு தெரியும். எதில் வேலை குறைவு என்று கேட்காதீர்கள், இரண்டிலும் நீளக் கம்பு ரோலரோடு நிற்பது நாங்கள்தான்.

டிஸ்னியில் ஒரு வேடிக்கை. உயிர்காப்புப் படகு ஆரஞ்சு நிறத்தில் இருப்பதுதான் வழக்கம், கடலில் எளிதாகக் கண்ணில் படவேண்டுமே. மிக்கி மவுஸின் காலணி நிறம் வேண்டும் என்று கேட்டு, தனி அனுமதி வாங்கி, மஞ்சள் அடித்தார்கள்.

சுரேஷ், திண்டுக்கல்: புகைபோக்கிகளில் சில போலி என்கிறார்களே?

ஆமாம். டைட்டானிக்கின் நான்காவது புகைபோக்கி பெரும்பாலும் காற்றோட்டத்துக்குத்தான். மேலே சொன்ன வெள்ளைச் சகோதரிகளுக்கு மூன்று புகைபோக்கி, புகை விட்டது நடுவில் இருந்தது மட்டும். 1998ல் வந்த டிஸ்னி மேஜிக்கின் முன் புகைபோக்கியும் அலங்காரம்தான். நிறைய இருந்தால் வேகமான கப்பல், பெரிய கப்பல் என்ற எண்ணம் மக்களுக்கு.

நிஜப் புகைபோக்கியில் கெட்டிக்காரத்தனம் பார்க்க வேண்டுமென்றால் கார்னிவலைப் பாருங்கள். திமிங்கிலத்தின் வால் போல இரண்டு பக்கமும் விரியும். 1982ல் டிராப்பிகேல் கப்பலுக்காக ஜோ ஃபார்கஸ் வரைந்தது. புகையை இரு பக்கமும் பிரித்துத் தள்ளுவதால், பின்தளத்தில் படுத்திருப்பவர் மேல் கரி விழாது. விளம்பரமும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. குயின் மேரி 2 கப்பலுக்கு இன்னும் உயரமாக வைக்க ஆசைதான். நியூயார்க்கில் வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டுமே, குட்டையாக்கிவிட்டார்கள்.

தமிழ்ச்செல்வி, சிவகங்கை: எங்க ஊர் பேரில் ஒரு கப்பல் ஓடுதாமே, அது சொகுசுக் கப்பலா?

இல்லை தங்கச்சி. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே போகும் பயணிகள் கப்பல் அது. 2023 அக்டோபரில் 'செரியபாணி'யோடு சேவை தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அந்த இடத்துக்கு 'சிவகங்கை' வந்தது.

அப்துல் காதர், தெற்குவாசல்: எம்ப்ரஸ் 48,563 டன் என்று படித்தேன். அவ்வளவு எடையா?

எடையே இல்லை பாய். கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கொள்ளளவிலிருந்து ஒரு சூத்திரம் போட்டு வரும் எண். ஐகானுக்கு இது 2,48,663.

பிரபு, உசிலம்பட்டி: கப்பலை நடுவில் வெட்டி நீளம் கூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். நம்பலாமா?

நம்பலாம். டிரை டாக்கில் நிறுத்தி, குறுக்கே அறுத்து, முன்பாதியை நகர்த்தி, தனியாகக் கட்டி வைத்த துண்டை நடுவில் வைத்து வெல்டிங் செய்வார்கள். 1998ல் டிரீம்வர்டு கப்பலுக்கு 40 மீட்டர் கூட்டினார்கள். 2005ல் என்சான்ட்மென்ட் ஆஃப் தி சீஸுக்கு ராட்டர்டாமில் 22 மீட்டர், 2018ல் சில்வர் ஸ்பிரிட்டுக்கு பலர்மோவில் 15 மீட்டர். கஷ்டம் இரும்பில் இல்லை. அறுபட்ட ஒவ்வொரு ஒயரையும் குழாயையும் திரும்பச் சரியாகச் சேர்ப்பதில்தான் உயிர் போகும். கப்பலின் தோற்றமும் சிலதில் கெட்டுப்போகும், இடுப்பு மட்டும் நீண்டு நிற்கும்.

விக்னேஷ், விருதுநகர்: கார்டிலியாவுக்கு இன்னும் இரண்டு கப்பல் வருதாமே?

நார்வீஜியன் கம்பெனியின் ஸ்கை, சன் இரண்டையும் குத்தகைக்கு எடுப்பதாக 2025ல் அறிவித்தார்கள். ஸ்கை 2026ல், சன் 2027ல் என்பது ஏற்பாடு. ஸ்கையின் பிறப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'கோஸ்டா ஒலிம்பியா' என்று வேறு கம்பெனிக்காக ஜெர்மனியில் கட்ட ஆரம்பித்தார்கள். பாதியில் கட்டும் தளம் திவால். அரைகுறை உடலை நார்வீஜியன் வாங்கி 1999ல் முடித்தது. நடுவில் சில வருடம் ஹவாயில் 'பிரைட் ஆஃப் அலோஹா' என்று பூமாலை வரைந்த உடம்போடு ஓடி, 2008ல் திரும்ப ஸ்கை ஆனது. எம்ப்ரஸை விட ஒன்றரை மடங்கு பெரியது.

ஜெயந்தி, அண்ணா நகர்: இத்தனை தடவை பேரை மாற்றினால், பழைய பேரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம். கப்பல் பிறந்ததிலிருந்து உடைபடும்வரை மாறாது. பேர், கொடி, முதலாளி எல்லாம் மாறினாலும் அந்த எண்ணை வைத்து முழு ஜாதகத்தையும் எடுத்துவிடலாம். பயணிகள் கப்பலில் மேலிருந்து பார்த்தாலும் தெரியும்படி தளத்திலும் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு வழி கண். பல கப்பல்களில் பேரின் எழுத்தோரத்தை வெல்டிங் கோடாகப் போட்டு, அதன்மேல்தான் பெயின்ட் அடிப்பார்கள். சரியாகத் தேய்க்காமல் விட்டால், சாய்ந்த வெயிலில் புதுப் பேருக்கு அடியில் பழைய பேர் புடைத்துத் தெரியும்.

செந்தில், மதுரை: தூத்துக்குடி நமக்குப் பக்கம்தானே. அங்கே இந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தால் என்ன?

2011ல் ஸ்கோட்டியா பிரின்ஸ் என்ற கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. ஜூனில் தொடங்கி அந்த வருடமே நின்றுவிட்டது. கப்பல் வருவது பெரிதில்லை, ஒவ்வொரு தடவையும் ஆள் நிரம்ப வேண்டும். ஆசை மட்டும் நமக்குப் புதிதல்ல. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தியபோது அதன் தலைவர், மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். 1907ல் காலியா, லாவோ என்ற கப்பல்களைப் பிரான்சிலிருந்து வாங்கி வந்தார்கள். எதிர்த்து ஓட்டிய பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கி நசுக்கியது.

முருகேசன், வாடிப்பட்டி: ஐயா, டிக்கெட் எடுக்க வசதியில்லை. வெளியே நின்று பெரிய கப்பலைப் பார்க்கப் பக்கத்தில் இடம் எது?

ஃபோர்ட் கொச்சி. துறைமுகத்துக்குள் போகும் எல்லாக் கப்பலும் அந்தக் கடற்கரைக்கும் எதிரே உள்ள வைப்பின் தீவுக்கும் நடுவில் உள்ள குறுகிய வாயில் வழியாகத்தான் நுழைய வேண்டும். சீன வலைகளுக்குப் பக்கத்தில் நின்றால் ஜன்னலை எண்ணும் அளவுக்குக் கிட்டத்தில் போகும். மழைக்காலம் முடிந்து அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் வெளிநாட்டுக் கப்பல்கள் அதிகம். பெரும்பாலும் காலையில் உள்ளே வந்து மாலையில் கிளம்பும். வரும் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு, முந்தின ராத்திரியே தேனி, குமுளி வழியாக பஸ் ஏறிவிடுங்கள்.