மூன்றாம் முறையும் விண்ணப்பிக்கலாமா?

(27 ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்ட். அதில் ஒன்பது ஆண்டுகள் மாணவர் சேர்க்கைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.)

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக பிசியோதெரபி படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் ஆண்டு மதிப்பெண் போதவில்லை. சென்ற ஆண்டு நேர்காணல் வரை போனேன். காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்தது, இடம் வரவில்லை. "கிடைக்கிற நர்சிங்கில் சேர்ந்துவிடு, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள் வீட்டில். மூன்றாம் முறையும் முயல்வது வீண் பிடிவாதமா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மதிப்பெண் இருக்கிறது, தரவரிசை இருக்கிறது, உடன் படித்தவர்களில் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்பதும் இருக்கிறது. ஒரு நோயாளிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு முதல்முறை இடம் மறுக்கப்பட்டபோது யாராவது கேட்டிருந்தால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன். அதுவரை ஒரு பிசியோதெரபிஸ்ட் வேலை செய்வதை அரை மணி நேரம்கூட அருகில் நின்று பார்த்ததில்லை.

அந்த ஆண்டு முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். இடுப்பெலும்பு முறிந்து, ஆணி வைத்துப் பொருத்தி, ஊன்றி நிற்கலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய ஒரு பாட்டி அங்கே இருந்தார். அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குவோம். அவர் பின்னால் சாய்ந்துகொண்டு கத்துவார். வாரம் இருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் எங்களை விலகி நிற்கச் சொன்னார். பாட்டியை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் செய்தார். இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குப் பின்னே தள்ளி வைத்தார். "குனிந்து கால் கட்டைவிரலைப் பாருங்கள் அம்மா. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்" என்றார். மூக்கு கால்விரலுக்கு நேராக வந்தபோது உடம்பின் பாரம் பாதத்தில் இறங்கியது, இடுப்பு இருக்கையை விட்டு எழும்பியது. பாட்டி நின்றுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் பெண்மணியின் கை பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, பிடிக்கத் தயாராக இருந்தது. ஆனால் தொடவில்லை.

மறு ஆண்டு நேர்காணலில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டார்கள். இதைத்தான் சொன்னேன். "பாதத்தை ஏன் பின்னே தள்ள வேண்டும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. உடலின் எடைமையம் பாதத்துக்கு மேலே வராமல் யாராலும் எழ முடியாது என்பதை அன்றைக்கே அந்த பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஆகவே மூன்றாம் முறை போங்கள், விண்ணப்பத்தில் ஏதாவது மாறியிருந்தால். அதே தாளை மறுபடி அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். உங்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்த கல்லூரிக்கு எழுதி, எங்கே குறைந்தது என்று கேளுங்கள். எல்லாக் கல்லூரிகளும் பதில் தருவதில்லை. ஆனால் கேட்கிற மாணவர்களே மிகக் குறைவு. உடற்கூறியலோ உடலியங்கியலோ மதிப்பெண்ணைக் கீழே இழுக்கிறது என்றால் அந்தப் பாடத்தை மறுபடி எழுத வழி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்களா, இரண்டையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாதீர்கள். அவர் கையெழுத்திட்ட நான்கு வரியை நாங்கள் புரட்டிக்கொண்டு போய்விடுவோம். ஆய்வகத்தில் உங்களை ஓராண்டு கவனித்த விரிவுரையாளர் எழுதிய ஒரு பக்கத்தை நிறுத்திப் படிப்போம்.

நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நடந்தது அறை அறையாகப் போகும் நேர்காணல் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுக்க கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. இன்று பல நாடுகளில் பிசியோதெரபிக்கும் வந்துவிட்டது. கதவில் ஒட்டிய தாளைப் படிக்க ஓரிரு நிமிடம், உள்ளே ஏழெட்டு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை. ஒவ்வோர் அறையிலும் வேறு தேர்வாளர். ஓர் அறையில் நீங்கள் தடுமாறியது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரே ஒருவருக்குப் பிடிக்காமல் போனதால் ஒரு மாணவர் வெளியேறக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இது தெரியாமல் மூன்றாம் அறையின் துக்கத்தை ஏழாம் அறை வரை முகத்தில் சுமந்து வந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனம் வலித்திருக்கிறது.

ஓர் ஆண்டு நான் இருந்த அறையில், முழங்கால் அறுவைக்குப் பின் பயிற்சி செய்ய மறுக்கும் நோயாளியாக ஒரு நடிகர் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சியின் நன்மைகளை அடுக்கினார்கள். ஓர் இளைஞர் மட்டும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நேற்று இரவு தூங்கினீர்களா?" என்று கேட்டார். வலியில் மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை என்பதுதான் நடிகருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த காரணம். அன்று முழுவதும் அதை வெளியே கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.

நர்சிங் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பதையும் ஏற்கமாட்டேன், நர்சிங் ஒரு படி கீழே என்பதையும் ஏற்கமாட்டேன். 1894-இல் பிரிட்டனில் மசாஜ் தொழிலின் பெயர் கெட்டுக்கிடந்தபோது, முறையாகப் பயின்றவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள் நான்கு பெண்கள். நால்வரும் நர்சுகள். ரோசலிண்ட் பேஜட் அவர்களில் ஒருவர். அந்தச் சங்கம்தான் பின்னாளில் அந்நாட்டு பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமாக வளர்ந்தது. எங்கள் தொழிலுக்கு வீடு கட்டிக்கொடுத்தவர்களே அவர்கள். ஆனால் பொழுது வேறு. நர்ஸ் ஒரு நோயாளியின் இரவும் பகலும் உடனிருக்கிறார். மருந்து, காய்ச்சல், மூச்சு, சிறுநீர் அளவு எல்லாம் அவர் கண்ணில் படுகிறது, ஒரு மாற்றத்தை முதலில் கவனிப்பவரும் அவர்தான். நான் அதே நோயாளியுடன் அரை மணி நேரம் இருக்கிறேன், ஆனால் பல வாரம், சில சமயம் பல மாதம் தொடர்கிறேன். எந்தப் பொழுது உங்களுக்கு வேண்டும் என்று பாருங்கள். இங்கே கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அங்கே சேர்ந்தால், அந்த வார்டில் படுத்திருப்பவருக்கு அது நியாயமில்லை.

கேள்வி: பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி மூன்றுக்கும் என் மதிப்பெண் போதும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புகிறேன். மூன்றுக்கும் என்னதான் வேறுபாடு?
— ஒரு மாணவர்

பதில்: மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் வந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. சொல்ல நினைப்பது வாய்க்கு வரவில்லை. மூன்று பேரும் இந்த ஒருவரிடம்தான் போகிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட் அவரைக் கட்டில் விளிம்பில் சாயாமல் உட்கார வைப்பதில் தொடங்குகிறார். பிறகு நிற்பது, பிறகு தளர்ந்த காலில் பாரம் ஏற்றுவது, பிறகு அடி எடுப்பது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சட்டையைக் கொண்டுவருகிறார். போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது அந்தக் கை கடைசியில். கேட்க எளிது. ஒற்றைக் கையால் பொத்தானைத் துளைக்குள் தள்ள ஒரு மனிதர் இருபது நிமிடம் போராடும்போது, உங்கள் விரல் துடித்தாலும் எட்டிப் போட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது குறைவு.

ஸ்பீச் தெரபி என்றால் பேச்சு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதைக் கவனிப்பதும் அவர்கள் வேலைதான். ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேலேறி இறங்குவதை விரல்களால் உணர்ந்து, "ஆ" என்று சொல்லச் சொல்வார்கள். குரல் ஈரமாகக் களகளத்தால் தண்ணீர் தவறான வழியில் போயிருக்கலாம். அதைத் தவறவிட்டால் நிமோனியா வரலாம், உயிருக்கே ஆபத்து.

மூன்று துறையிலும் ஒவ்வொரு நாள் உடன் நிற்க அனுமதி கேளுங்கள். வீடு திரும்பிய பின் எந்த நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு நடைதான். தாழ்வாரத்தில் யாராவது போனால் காலடி ஓசையிலேயே எந்த முழங்கால் மடங்கவில்லை என்று காது தேடத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் மகள் மெலிந்த உடல்வாகு. நோயாளிகளைத் தூக்கிப் பிடிக்கும் இந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா?
— ஒரு தந்தை

பதில்: ஐயா, தூக்கினால் யாருக்கும் ஒத்துவராது. கட்டிலின் உயரத்தைச் சரிசெய்வது, நோயாளியை நகர்த்த அடியில் விரிக்கும் வழுக்குவிரிப்பைப் பயன்படுத்துவது, முதுகை வளைக்காமல் காலை மாற்றி ஊன்றிப் பாரத்தை நகர்த்துவது, இரண்டாவது ஆளைக் கூப்பிட வெட்கப்படாமல் இருப்பது எல்லாம் முதல் ஆண்டிலேயே சொல்லித்தருகிற பாடம். மெலிந்த மாணவிகள் இதைக் கவனமாகக் கற்கிறார்கள். பலசாலி மாணவர்கள்தான் தோள்வலிமையை நம்பி முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இடுப்புவலியும் கட்டைவிரல் வலியும் எங்கள் தொழிலில் சகஜம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முதல் உலகப்போரில் பார்வை இழந்த பிரிட்டிஷ் வீரர்கள் பலர் செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பில் மசாஜ் பயின்று மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள். பார்வை இல்லாதவர்கள் செய்த வேலை இது. எடை குறைவு ஒரு தடையே அல்ல.

கேள்வி: 34 வயது, கணக்குத் துறையில் வேலை, ஒரு குழந்தை. அறுவைக்குப் பின் எனக்குச் சிகிச்சை அளித்த பிசியோதெரபிஸ்டைப் பார்த்து நானும் இத்துறைக்கு வர நினைக்கிறேன். காலம் கடந்துவிட்டதா?
— ஒரு வாசகர்

பதில்: வயது தடையில்லை. என் வகுப்பிலேயே 40-ஐத் தாண்டிய ஒருவர் இருந்தார். நோயாளிகள் முதலில் அவரிடம்தான் பேசினார்கள். நேரம்தான் உங்களுக்குத் தடை. பல நாடுகளில் இது நான்காண்டு இளநிலைப் படிப்பு. கனடாவில் ஒரு பட்டம் முடித்தபின் முதுநிலை, அமெரிக்காவில் பட்டத்துக்குப் பின் பெரும்பாலும் மூன்றாண்டு முனைவர் படிப்பு. மருத்துவமனைப் பயிற்சியைத் தனியாகக் கணக்கிடுங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் அது ஏறக்குறைய 1000 மணி நேரம். பெரும்பாலும் ஊதியம் கிடையாது, எங்கே என்பதைக் கல்லூரி முடிவு செய்யும். மாலை வகுப்பில் முடித்துவிடலாம் என்று எண்ணி வந்தவர்கள் இங்கேதான் உடைந்தார்கள். அந்த மாதங்களில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று: ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாகாது. சேருமுன், நீங்கள் வேலை செய்ய நினைக்கும் நாட்டின் பதிவு அமைப்பு அந்தப் படிப்பை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரியாக, "பிறருக்கு உதவ வேண்டும் என்பது சிறுவயது முதலே என் கனவு" என்று எழுதியிருக்கிறேன். சரியா?
— ஒரு மாணவி

பதில்: அந்த வரியை எடுத்துவிடுங்கள். நீங்கள் அதை உளமார எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதே வரியை ஒரே நாளில் முப்பது பேரிடம் படித்திருக்கிறேன். ஒன்பதாவதுக்கு மேல் கண் அதில் நிற்பதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். பார்க்கின்சன் நோய் உள்ள தாத்தா, குளியலறை வாசலுக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதைப் போல நின்றுவிடுவார். யாரோ சொல்லக் கேட்டு, வாசல் தரையில் வெள்ளை ஒட்டுநாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டினீர்கள். முதல் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார், அடுத்தடுத்த கோடுகளையும் தாண்டி உள்ளே போய்விட்டார். இதை வைத்துக்கொண்டா கனவைப் பற்றி எழுதுகிறீர்கள்?

அது ஏன் பலித்தது என்று தேடிப் படியுங்கள். யோசிக்காமலே நடக்க உதவும் மூளைப்பகுதி அந்த நோயில் தளர்கிறது. கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைக்கும்போது மூளை வேறு வழியாகக் காலுக்குச் சேதி அனுப்புகிறது. பலித்த நாள்களைப் போலவே பலிக்காத நாள்களும் இருந்திருக்குமே, அவற்றையும் எழுதுங்கள். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், முதலில் தப்பாக ஒட்டினீர்களா, தாத்தா என்ன சொன்னார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும். கட்டுரை அந்தக் குளியலறை வாசலில் தொடங்கட்டும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.