அந்த மானியம் யார் பெயரில் வருகிறது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் பனை ஓலைப் பெட்டி, கூடை முடையும் 140 பெண்களோடு ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறோம். பதிவு பெற்ற சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பயிற்சி கொடுப்பது, கண்காட்சிக்கு அழைத்துப்போவது, கடன் மனு எழுதித் தருவது எல்லாமே நன்கொடையில்தான் ஓடுகிறது. 25 லட்சம் ரூபாய் அரசு மானியம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முன்பணம் 50 ஆயிரம் கேட்கிறார். எங்களைப் போன்ற அமைப்புக்கு மானியம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் அந்த மனிதர் வழியாக அல்ல. முன்பணம் கேட்டவுடனேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். தரகு என்று ஒன்று எந்த அரசு விதியிலும் இல்லை. மத்திய அரசு நிதிக்கு முதல் படி, தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளமான 'என்.ஜி.ஓ. தர்பண்' பதிவு; அதுவே இலவசம்.

நம் பேச்சில் 'மானியம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பெண் வங்கியில் வாங்கும் கடனில் அரசு ஏற்கும் பங்கும் மானியம்தான். ஓர் அமைப்பு செய்யும் பணிக்காக அரசு தரும் தொகையும் மானியம்தான். உங்களிடம் வந்தவர் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கிறார். எந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்டாலும், பணம் யாருடைய கணக்கில் ஏறும் என்று முதலில் விசாரியுங்கள்.

உதாரணத்துக்கு, தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம். 25 கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50 ஆயிரம், மானியம். வட்டியிலும் 5 விழுக்காடு வரை அரசு ஏற்கும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இது முழுக்க முழுக்க கைவினைஞருக்கான பணம். அறக்கட்டளைக்கு இதில் ஒரு காசும் இல்லை.

உங்கள் அறக்கட்டளையின் பெயரிலேயே வரக்கூடியது எது? உங்கள் நிலைக்கு நபார்டு வங்கியைத்தான் முதலில் சொல்வேன். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கான குறுந்தொழில் பயிற்சியையும், பயிற்சியோடு சந்தை இணைப்பும் சேர்ந்த வாழ்வாதாரத் திட்டத்தையும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே அது நடத்துகிறது. தொகை சிறியது, ஆனால் முதல் அனுபவத்துக்கு அதுவே நல்லது. மாவட்ட வளர்ச்சி மேலாளரை நேரில் பாருங்கள். கட்டுக்கட்டாகத் திட்ட அறிக்கை வேண்டாம். எந்த ஊரில் எத்தனை பேர், மாதம் எத்தனை பெட்டி, என்ன விலைக்குப் போகிறது, வியாபாரி எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால் போதும்.

பெரிய தொகை என்றால் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் 'ஸ்ஃபூர்த்தி'. பாரம்பரியக் கைவினைஞர்களை ஒரு தொகுப்பாக, அதிகாரிகள் வாயில் 'கிளஸ்டர்' ஆக, சேர்க்கும் திட்டம் இது. 500 பேர் வரையுள்ள தொகுப்புக்கு இரண்டரைக் கோடி ரூபாய் வரை, அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 5 கோடி வரை உதவி உண்டு. தொண்டு நிறுவனம் செயல்படுத்தும் அமைப்பாக இருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொது வசதி மையத்துக்கான நிலத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். கட்டடம், இயந்திரச் செலவில் ஒரு பங்கை உங்கள் தரப்பு போட வேண்டும். பெண்கள் பெயரில் தனி நிறுவனம் ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். ஓலையும் ஊசியும் வைத்து வீட்டுத் திண்ணையில் நடக்கிற தொழிலுக்கு அவ்வளவு பெரிய கூடம் தேவையா என்பதை அந்தப் பெண்களிடமே கேளுங்கள். கட்டி முடித்துப் பூட்டிக்கிடக்கும் மையங்களை நான் பார்த்திருக்கிறேன். ஓலைக்குச் சாயம் ஏற்றவும், மழைக்காலத்தில் காயவைத்துப் பத்திரப்படுத்தவும் ஒரு பொது இடம் வேண்டும் என்று அவர்களே சொன்னால் அது வேறு கதை. இந்த ஆண்டு புதிய விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று காதி கிராமத் தொழில் ஆணைய அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

பணம் வந்த பிறகுதான் உண்மையான சோதனை. மத்திய அரசு மானியங்கள் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளுக்கு உட்பட்டவை. பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றை, நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தர வேண்டும். மானியத்துக்கு வங்கி தரும் வட்டிகூட உங்களுடையது அல்ல, அரசுக்கே திரும்பப் போக வேண்டும். அதனால் மானியத்துக்கென்று தனிக் கணக்கு வைப்பது நல்லது. அந்தப் பணத்தில் வாங்கிய பொருளை அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. நிர்வாகக் குழுவினர் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்று பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிவரும். நிபந்தனை மீறினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பது அதில் இருக்கும். உங்கள் அறங்காவலர்கள் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அமைப்பு, பயிற்சிக்கு வந்த பணத்தில் தையல் இயந்திரம் வாங்கிவிட்டது. யாரும் பத்துப் பைசா திருடவில்லை; இயந்திரங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் தணிக்கையில் அது தலைப்பு மாறிய செலவுதான். ஒரு கடிதம் எழுதி முன் அனுமதி கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள். கடைசியில் சொந்தப் பணத்தைக் கட்டினார்கள்.

ஆகவே இப்போதே செய்யக்கூடியது கணக்கைச் சரிசெய்வது. பட்டயக் கணக்கர் தணிக்கை செய்த மூன்றாண்டு அறிக்கை, அறக்கட்டளையின் பான், வருமான வரிச் சட்டப் பதிவு, தர்பண் எண் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒரே வேலைக்கு இரண்டு துறைகளிடம் பணம் கேட்காதீர்கள். கேட்கவில்லை என்று சான்று தர வேண்டியிருக்கும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் முயன்று பார்க்க நினைத்தால் 'சி.எஸ்.ஆர்.-1' படிவத்தை நிரப்பிப் பதிவு எண் வாங்கிவையுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

இந்தக் காகித வேலைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை பெண்களைக் காத்திருக்கச் சொல்ல வேண்டாம். கலைஞர் கைவினைத் திட்டக் கடனுக்கு, 140 பேரில் 35 வயது நிறைந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த வாரமே ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களுடைய கடன் மனுவுக்கு உங்கள் தணிக்கை அறிக்கையும் வேண்டாம், தர்பண் எண்ணும் வேண்டாம்.